மூன்றாவது வளையம்

கன்னியப்பன் மூன்றாவது குண்டானின் மூடியைத் தூக்கியபோது வீரம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே அவருடைய இட்லிக் கடை. விடியற்காலையிலிருந்து அங்கே மூன்று குண்டான்களில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூடிக்கடியிலும் ஒரு வளையம். பார்த்தால் ரப்பர், ஆனால் பிளாஸ்டிக்கைப் போல உருக்கி வார்த்தது. மூன்றும் மூன்று வகைச் சரக்கு.

வளையங்களை வார்க்கும் பட்டறையில் கரண்ட் இல்லை. வளையங்களைச் சூட்டில் வைத்துப் பார்க்கும் பெட்டி அணைந்து கிடந்தது. மூடிக்கு வளையம் கேட்டிருந்த இட்லி குக்கர் கம்பெனிக்காரர் பத்து மணிக்கு வந்துவிடுவார். எந்தச் சரக்கு ஆவியைத் தாங்கும் என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

பட்டறை முதலாளி பூஜாவுக்கு இது முதல் பெரிய ஆர்டர். மூன்று வளையங்களையும் மெஷினில் வார்த்தவள் வீரம்மாள்.

முதல் வளையம் பிசைந்த மாவு மாதிரி மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

இரண்டாவது உருகவில்லை. ஆனால் நசுங்கியது நசுங்கியபடியே கிடந்தது. இருப்பதிலேயே விலை கூடியது அதுதான். பூஜா அதைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

மூன்றாவதைப் பூஜா இரண்டு விரலால் அழுத்தி, விட்டாள். துள்ளிக்கொண்டு வட்டமாகிவிட்டது. இழுத்துப் பார்த்தாள். முறுக்கினாள். அது அசரவில்லை.

"அக்கா, மூணுல மலிவான சரக்கே இதுதான்க்கா," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "இப்பவே அம்பது மூட்டை சொல்லிடறேன்."

போனை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

வீரம்மாள் எட்டி, அந்தப் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"பண்ணாதீங்கம்மா. நீங்க சொல்ற மலிவு மூட்டை இல்ல இது. கார் இன்ஜினாண்ட மாட்டறதுக்குன்னு ஓரமா ஒரு மூட்டை வச்சிருந்தீங்களே, நேத்து அவசரத்துல அத்த மாத்திக் கொட்டிட்டேன். சொன்னா வேலையை வுட்டு அனுப்பிடுவீங்கன்னு ராத்திரிலேர்ந்து மனசுல வச்சிக்கினு கீறேன்."

பூஜா வளையத்தைப் பார்த்தாள். வீரம்மாளைப் பார்த்தாள். கன்னியப்பன் மூடியை வைக்க மறந்து நின்றார்.

அப்புறம் பூஜாவுக்கு வந்ததே ஒரு சிரிப்பு, இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளையிலேர்ந்து தினமும் அதே மாதிரி மாத்திக் கொட்டுங்கக்கா," என்றாள்.