நடைபாதையில் நான்கு முட்டை

சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயத்தில் புது நடைபாதைக்குப் புல் வெட்டுகிறார்கள். வின்சன் நின்றபடி மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டு போகிறான். அவன் மனைவி நிறஞ்சனா முழங்காலில் நிற்கிறாள். எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றியவள். விரலால் புல்லை விலக்கிப் பார்க்காமல் கத்தி வைக்க அவளுக்கு இன்னும் வராது. “உப்பிடித் தடவினா இது நத்தார்ப் பண்டிகைக்குத்தான் முடியும், குஞ்சு,” என்று வின்சன் சிரிக்கிறான். சட்டென்று அவள் கை உயர்கிறது. “நில்லுங்கோ. அசையாதேங்கோ.” ஓங்கிய மண்வெட்டியோடு அவன் விறைத்துப்போகிறான். “வெடியில்லையப்பா, முட்டை.” மண் நிறத்தில் புள்ளி விழுந்த நான்கு முட்டைகள். தலைக்கு மேலே ஆக்காட்டிப் பறவை கத்திக்கொண்டு சுற்றுகிறது. “நாங்கள் நிண்டா தாய் இறங்காது. இந்த வெயிலுக்கு அவிஞ்சுபோம்.” இருவரும் பின்னுக்கு நகர்ந்து, பாலை மர நிழலில் தோளோடு தோள் முட்டக் குந்துகிறார்கள். “பாதையை வளைச்சு எடுப்பம்,” என்கிறான். “சத்தம் போடாதேங்கோ.” ஆக்காட்டி களப்பின் நீரோரம் இறங்குகிறது. நெஞ்சைத் தண்ணீரில் தோய்த்து, நடந்து வந்து, நின்று பார்த்து, அந்த ஈரத்தோடு முட்டைகளின்மேல் அமர்கிறது. வின்சன் நிறஞ்சனாவின் விரல்களை எடுத்து, தான் உடுத்திருக்கும் சாரத்தால் மண்ணைத் துடைத்துவிடுகிறான்.