பாதம் இன்னும் வரலையே!

"டேய் மதன், ஷூவைக் கழட்டுடா. சாக்ஸையும் கழட்டு, சீக்கிரம்!"

குழந்தைகள் டாக்டரின் க்ளினிக்கில், ஃபேனுக்குக் கீழே இருந்த பெஞ்சில் மகனை உட்கார வைத்துவிட்டுக் கனகா பறந்தாள்.

"ஏம்புள்ள, டாக்டரு நெஞ்சுல வெச்சுப் பாப்பாரு, தொண்டையில டார்ச் அடிச்சுப் பாப்பாரு. காலை எதுக்குக் காட்டோணும்?" என்றான் அவள் கணவன் மனோஜ்குமார்.

"டாக்டருக்கு இல்லீங்க, குரூப்புக்கு!"

மனோஜ்குமார் தலையில் அடித்துக்கொண்டான். கையெல்லாம் தேங்காய் எண்ணெய் ஒட்டியதுதான் மிச்சம்.

குரூப்பின் பெயர் 'வாசனை அம்மாக்கள்'. மைசூரில் இருக்கிற தமிழ்த் தாய்மார்களாகப் பார்த்துச் சேர்த்து, ரோசலின் மேடம் நடத்தும் வாட்ஸ்அப் குரூப். பிள்ளைக்குச் சளியோ, இருமலோ, காய்ச்சலோ, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். யூகலிப்டஸோ லாவெண்டரோ, மேடம் சொல்கிற எண்ணெயை உள்ளங்காலில் தேய்த்து, அந்தப் பாதத்தைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். மேடம் பார்த்து ஒரு தாமரைப்பூ அனுப்புவார். டாக்டர் வாசற்படியை மிதித்தவளுக்கு அங்கே இடமில்லை. தெரிந்த அன்றே தூக்கிவிடுவார்.

அதில் கனகா சாதாரண ஆளா என்ன? வருகிற ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூட்டில் நடக்கிற கூட்டத்தில் 'டாக்டர் இல்லாத வீடு' என்று பேசப்போவதே அவள்தான். அதற்காக மயில்கழுத்துக் கலரில் புடவைகூட எடுத்தாயிற்று.

மதனின் சளிக்கு இதெல்லாம் தெரியுமா? இரண்டு நாளாக வீட்டில் வாசனை மெஷின் ரயில் எஞ்சின் மாதிரி புகைவிட்டுக்கொண்டிருந்தது. தலையணையில் யூகலிப்டஸ், துண்டில் யூகலிப்டஸ், ரசத்தில்கூட யூகலிப்டஸ் மணந்தது. இருமல் மட்டும் இறங்குவேனா என்றது. இன்று காலை பையன் இட்லியைத் தொடாமல் சுருண்டு படுத்ததும் கனகா அவனை வாரித் தூக்கிக்கொண்டாள். குரூப்பாவது மண்ணாவது என்று அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறிவிட்டாள். இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் பழைய பயம் திரும்பி வந்தது.

போன் அடித்தது. ரோசலின் மேடமேதான்!

"என்ன கனகா, மதனோட பாதம் இன்னும் வரலையே? குரூப்ல எல்லாரும் கேக்கறாங்க."

"இதோ தேய்ச்சுட்டே இருக்கேனுங்க மேடம். வீட்டுலதானுங்க இருக்கேன்!" கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து, வரவேற்பு மேஜையில் இருந்த மகேஸ்வரி, "ஸ்வீட்டி யாரு? ஒளகே ஹோகி!" என்று, உள்ளே போகச் சொல்லிக் கன்னடத்தில் கூவினாள்.

"யாரது கனகா? எங்கயோ கேட்ட குரலா இருக்கே?"

"டிவி மேடம்! கன்னட சீரியலுங்க!"

"ஓஹோ... சீரியலா? சரி சரி, சீக்கிரம் பாதத்தை அனுப்புங்க."

போனை வைத்ததும் கனகா கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சீப்பு, சில்லறை, பாதி தின்ற பிஸ்கட் எல்லாம் விழுந்தன. எண்ணெய் பாட்டிலைக் காணோம்.

"ஐயையோ, வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேனுங்களே! எண்ணெய் மினுமினுப்பு இல்லாம அனுப்புனா மேடம் கண்டுபிடிச்சிருவாங்களே!"

அவள் பார்வை மெல்ல நகர்ந்து மனோஜ்குமாரின் தலையில் போய் நின்றது.

"ஏனுங்க, கொஞ்சம் குனியுங்க."

"எதுக்கு?"

"குனியுங்கன்னா குனியுங்க!"

இரண்டு கையாலும் அவன் தலையை வழித்து, மதனின் உள்ளங்காலில் தேய்த்தாள். பையனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்தான், இருமினான், மறுபடியும் சிரித்தான்.

"அம்மா, என் கால்ல அப்பா தலை வாசனை வருது!"

"கத்தாதடா! குதிகாலைத் தரையில வெச்சு நீட்டு, ஆட்டாத."

"நாம பண்ற கூத்தை யாரும் பாக்கலை, அது வரைக்கும் சந்தோஷம்," என்று மனோஜ்குமார் சுற்றிலும் பார்த்தான். "அங்க பாரு, இங்க இவ்வளவு காத்து வருது, எல்லாப் பொம்பளைங்களும் அந்த மீன்தொட்டிப் பக்கம் போய் எதுக்கு நெரியறாங்களோ?"

கனகாவுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. மற்றவர்கள் அனுப்புகிற பாதங்களெல்லாம் அழகான பச்சைப் பாயில் இருக்கும். எல்லோருக்கும் அந்தப் பாய் எந்தக் கடையில்தான் கிடைக்கிறதோ என்று அவளுக்கு ரொம்ப நாளாகவே பொறாமை. நமக்கு வெறும் தரைதான் வாய்த்தது என்று அலுத்துக்கொண்டே போட்டோவை எடுத்து அனுப்பினாள். கையோடு மதனின் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். "சாதாரண சளிக்காய்ச்சல்தாம்மா, பயப்படாதீங்க. மருந்து எழுதித் தரேன். அந்த மெஷினை மட்டும் நிறுத்திடுங்க, அதுலதான் இருமல் கூடுது."

கனகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்து போனைப் பார்த்தால், குரூப்பில் மேடத்தின் தாமரைப்பூ! அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

"பாத்தீங்களா, ஒருத்தருக்கும் தெரியலை. தப்பிச்சோமுங்க சாமி!" என்று கணவனிடம் காட்டப் போனவள், மேடம் தனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"போட்டோவை உடனே அழிச்சுடுங்க கனகா, க்ளினிக் தரை அப்படியே தெரியுது. மீன்தொட்டி பக்கத்துல ஒரு பச்சைப் பாய் விரிச்சிருக்கும், நம்ம குரூப்ல எல்லாரும் அங்கதான் எடுப்போம்."