முதல்வர் வீட்டுக் கல்

"இந்தக் கல்லை எங்கேம்மா எடுத்தே?"

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் நிலவியல் பேராசிரியர்.

"வீட்டுல இருந்து சார்" என்றாள் இரண்டாம் ஆண்டு மாணவி. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். போதாக்குறைக்குக் கல்லூரி முதல்வரின் மகள் வேறு.

ஆளுக்கொரு கல் கொண்டு வர வேண்டும். அதைப் பொடியாக அரைத்து எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் கருவியில் வைத்து, என்ன கனிமம் என்று தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். அவர் வகுப்பில் இதுதான் வழக்கம். வருகிற கல்லெல்லாம் குவார்ட்ஸாகவே இருக்கும். திரையில் அதே இடத்தில் அதே கோடுகள் எழும்பும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

இந்தப் பழுப்புக் கல்லின் கோடுகளோ எங்கெங்கோ எழும்பின. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி அரைத்து வைத்துப் பார்த்தும் அதே பதில்தான்: வெவெல்லைட். நிலக்கரிப் படிவங்களில் எப்போதாவது தலைகாட்டும் கனிமம். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

அவர் தலைகால் புரியாமல் மகிழ்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கு இவ்வளவு விலையுள்ள கருவி எதற்கு என்று சொல்லி, அதை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்ப முதல்வர் முடிவு செய்திருந்தார். நாளை லாரி வருகிறது. அப்புறம் பிள்ளைகள் பழையபடி படத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

"சார், ஒரு நிமிஷம்..." என்று அவள் இழுத்தாள். அது எங்கே அவர் காதில் விழுந்தது? அதற்குள் முதல்வருக்குப் போன் போட்டுவிட்டார்.

அபூர்வக் கனிமம், கண்டுபிடித்தது உங்கள் மகள், கிடைத்தது உங்கள் வீட்டில் என்று மூச்சுவிடாமல் சொன்னார். முதல்வருக்குப் பெருமை பிடிபடவில்லை. கருவி இங்கேயே இருக்கட்டும், லாரியை நிறுத்திவிடுகிறேன் என்றார். கல் கிடைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்கலாமா என்று பேராசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தாராளமா தோண்டுங்க. சுத்தியல், உளி எல்லாம் எடுத்துக்கிட்டு எத்தனை பேர் வேணா வாங்க. நானும் கூடவே இருக்கேன்."

போனை வைத்த பேராசிரியர் மாணவியின் பக்கம் திரும்பினார். "வீட்டுல எந்த இடம்மா? கொல்லையிலயா, காம்பவுண்ட் ஓரமா?"

"தோண்ட அப்பா ஒத்துக்க மாட்டார் சார்."

"இப்பதானேம்மா ஒத்துக்கிட்டார்?"

"எந்த இடம்னு அவருக்குத் தெரியாது சார். மறுபடி வராம இருக்கணும்னா அது என்ன கல்லுன்னு தெரியணும்னு டாக்டர் சொன்னார். போன வாரம் அப்பா கிட்னியில இருந்து எடுத்தது."