மஞ்சள் தடவிய பத்திரம்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரின் கண்ணாடிக் கதவைத் தாண்டி, மத்தியான வெயில் சொர்ணலட்சுமியின் மடிவரை வந்து கிடக்கிறது. மடியில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்தடியில் வைத்திருந்த வாடகைப் பத்திரம். காலிசெய்ய மறுக்கும் குடித்தனக்காரர்மீது வாடகை நீதிமன்றத்துக்கு இணையத்தில் மனுப் போட வந்திருக்கிறாள். கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்ட மகளுக்கு அந்த வீடு வேண்டும். "பத்திரத்தப் பதிஞ்ச நம்பர் இல்லாம மனு ஏறாதுக்கா," என்கிறாள் கணினி முன்னால் இருக்கும் பானுப்ரியா. "அப்ப இப்பவே பதிஞ்சு குடு தாயி." "பதியணும்னா குடியிருக்கிறவரும் சம்மதிச்சு வந்து கையெழுத்துப் போடணுமே." மின்விசிறி கடகடக்கிறது. சொர்ணலட்சுமி எழவில்லை. பத்திரத்தின் கீழ்மூலையில், குடிவந்த அன்று அவர் சிரித்துக்கொண்டே போட்ட பழைய கையெழுத்தை மெல்லத் தடவுகிறாள். விரலில் மஞ்சள்தான் ஒட்டுகிறது.