தோளில் நாலு விரல்

“சகோ, படம் சூப்பர். ஆனா உங்க தோள்ல இருக்கிற விரல் யாரோடது?”

குழுவில் வந்திருந்த பதிலைப் படித்துவிட்டு, அவள் போனைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள்.

மறுபக்கத் தோளை வளைத்துப் பிடித்தபடி நாலு விரல்கள். படத்திலிருந்து அக்காவை முழுசாக வெட்டி எடுத்தாயிற்று. தலை, உடம்பு, ஏப்ரன், செருப்பு, எல்லாம். விரல்களை மட்டும் விட்டிருந்தாள்.

கண்ணில் படவே இல்லை. அந்தக் கை அங்கே இருப்பது அவ்வளவு பழக்கம்.

புதுக் கடையில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. பிரிக்காத அடுப்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். நாளை மறுநாள் கடை திறப்பு. பெயர்ப் பலகையில் அவள் படம் வேண்டும் என்று பலகைக்காரர் காலையிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறார்.

அவள் சிரித்திருக்கும் ஒரே படம் இதுதான். மற்றதிலெல்லாம் பாஸ்போர்ட்டுக்கு நிற்பவள் மாதிரி இருப்பாள்.

இதில் சிரித்ததற்கும் காரணம் உண்டு. போட்டோ எடுக்கும் நேரம் பார்த்து அக்கா காதோரம் குனிந்து சொன்னாள்: “உள்ள கேக் கருகுது. சிரிச்சுட்டே நில்லு.”

அது பழைய கடை. இருவரும் சேர்ந்து நடத்திய கேக் கடை. மூன்று மாதம் முன்பு, அவள் ராப்பகலாக உட்கார்ந்து செய்த கல்யாண கேக்கை ஒரு வாடிக்கையாளர் வாயாரப் புகழ்ந்தார். அவள் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்: “எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்.”

அன்றைக்கு ஏப்ரனைக் கழற்றி வைத்தவள் திரும்பிப் போகவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை.

பலகையில் தனியாக நின்று பழகிவிட்டால் கடையிலும் நின்றுவிடலாம் என்பது அவள் எண்ணம்.

போனில் படம் திருத்தக் கற்றுத்தரும் ‘எடிட்டிங் கத்துக்குட்டிகள்’ குழுவில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. முகம் காட்டப் பிடிக்காதவர்கள் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வார்கள். இவள் எலுமிச்சம்பழம் ஒட்டியிருந்தாள். குழுவை நடத்துபவருக்கு எல்லோரும் வைத்த பெயர் மீசை. அவருடைய ப்ரொஃபைல் படத்தில் இருப்பது அது மட்டும்தான்.

சேர்ந்த அன்றே மீசை ஒரு பாடம் சொன்னார்: “எதையும் அடியோட அழிக்காதீங்க. வெட்டி, தனி லேயர்ல ஒளிச்சு வைங்க. நாளைக்கே வேணும்னு தோணும்.”

தோணாது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னபடி செய்தாள். விரல்களை வெட்டித் தனியே ஒளித்து, அந்த இடத்தில் சட்டைத் துணியை நிரப்பி, மறுபடி போட்டாள்.

“விரல் போச்சு. அது அழுத்தின சுருக்கம் போகல,” என்றார் மீசை. “இப்ப பேய் கை போட்ட மாதிரி இருக்கு.”

கீழே யாரோ விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இதையே அக்கா சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

சுருக்கத்தையும் பொறுமையாகத் தேய்த்து எடுத்தாள். கை தேறிவிட்டது. அவளுக்கே தெரிந்தது.

“துணி பிரமாதம் சகோ, ஒட்டுனதே தெரியல. ஆனா காலி இடத்துப் பக்கமா சாய்ஞ்சு நிக்கிறீங்களே? அங்கதான் ஒண்ணுமே இல்லியே.”

தலையை மட்டும் வெட்டி நிமிர்த்திப் பார்த்தாள். கழுத்துப் பிடித்துக்கொண்டவள் போல் ஆயிற்று. பழையபடியே வைத்துவிட்டு, இதற்கு என்னதான் செய்வது என்று கேட்டாள்.

“சொல்றேன். அதுக்கு முன்னாடி நம்ம வழக்கம் ஒண்ணு இருக்கே.”

குழுவின் வழக்கம் அது. கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. நடுவில் புதிதாக வந்த ஒருவருக்காவது பதில் சொல்லியாக வேண்டும்.

“இப்பதான் ஒருத்தங்க படம் போட்டிருக்காங்க. நான் இன்னும் பாக்கல. நீங்க பாருங்க.”

திறந்தாள்.

ஏப்ரன் கட்டிய ஒரு பெண். முகத்தின்மேல் தக்காளி. காற்றின் காதில் ரகசியம் சொல்பவள்போல் ஒரு பக்கமாகக் குனிந்திருந்தாள். நீட்டிய கை முழங்கையோடு முடிந்துபோயிருந்தது.

கீழே எழுதியிருந்தது: “வணக்கம். நான் புதுசு. கடை போர்டை மாத்தணும். பக்கத்துல நின்னவங்கள எடுத்தேன், அவங்க தோள்ல போட்டிருந்த என் கையும் சேர்ந்து போயிடுச்சு. மிச்சம் இருக்கிற கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல.”

அந்தப் பெண்ணுக்குப் பின்னால், திறந்த கதவுக்கு உள்ளே ஓர் அடுப்பு. அதில் கழன்றுபோன கைப்பிடிக்குப் பதிலாகச் சிவப்புத் துணி. அந்த முடிச்சைப் போட்டவள் இவள்தான்.

போன் அடித்தது. பலகைக்காரர்.

கட் செய்தாள்.

தன் படத்துக்குத் திரும்பி, ஒளித்து வைத்திருந்த லேயரைத் திறந்தாள். விரல்கள் வெளியே வந்தன. நகக்கண்ணில் ஒட்டியிருந்த கிரீம்கூட அப்படியே இருந்தது.

அந்த விரல்களைப் பதிலில் ஒட்டினாள். கீழே எழுதினாள்:

“நாலும் எங்கிட்டதான் இருக்கு அக்கா, பத்திரமா. எடுத்துட்டு வரட்டுமா?”

அந்தப் பக்கம் யாரோ எழுதுவதாகப் புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின.

“உள்ள கேக் கருகுது. சிரிச்சுட்டே வா.”