படத்துக்கு நின்றவர்

சந்தனம் முள்ளை மறைத்திருந்தது.

பாய்லரின் அழுத்தம் காட்டும் வட்டக் கண்ணாடி. ஆயுத பூஜை என்று அதன்மீதும் யாரோ ஒரு கைச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். முள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை.

துடைக்கச் சொல்லலாம்.

பூஜையில் வைத்த பொட்டை முதலாளியே அழிக்கச் சொல்வதா? பட்டறையில் வேலை செய்யும் நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பாய்லருக்கு முன்னால் போய் நின்றார்.

ஊரில் மற்ற சாயப்பட்டறைகள் இன்றைக்கு அடுப்பை அணைத்துவிடும். இங்கே அணைப்பதில்லை. தகப்பனார் காலத்து வழக்கம். அடுப்பு அணைந்தால் குடும்பம் அணைந்தது என்பார்.

போன வாரம் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். பாய்லருக்கு வயதாகிவிட்டதாம். ஆவி போக்கும் வால்வைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்களாம். பின்வாசலைத் துணிப்பொதிகள் அடைத்திருக்கின்றனவாம்.

"நம்மூட்டு அடுப்பு எரியறதை எவனோ பேப்பர்காரன் வந்து பாக்கோணுமா?"

கம்பெனி இயக்குநர்கள் கூட்டத்தில் அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். குடும்பத்தோடு பாய்லர் முன்னால் ஒரு படம், அதே பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் என்று முடிவானது. அவர் சொன்ன யோசனைதான்.

படம் எடுப்பவர் வந்துவிட்டார். மகன்தான் இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை. போனில் பேசுகிறானாம். அரை மணி நேரமாக.

முதுகில் சூடு ஏறியது.

ஐம்பது வருடமாகக் கேட்ட உறுமல்தான். இன்று அதற்குள் இன்னொரு சத்தம். பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல.

அவர் நாச்சிமுத்துவைத் தேடினார். இருபது வருடமாகப் பாய்லரைப் பார்த்துக்கொள்பவன். பூஜையன்று அதன் பக்கத்திலேயே நிற்பான். இன்று முன்வாசலில் நின்றான்.

காலில் செருப்பு.

"ஏப்பா, சாமி முன்னால செருப்பா?"

"வெளிய போறதுக்குச் சவுரியமுங்க, ஐயா."

குரலில் பணிவுக்குக் குறைவில்லை. அவர் கண் தாழ்ந்தது. பெண்களின் முன்வரிசையில் நின்ற மாராத்தாள் காலில் செருப்பு. அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் காலிலும். நாற்பது பேர் காலிலும்.



இப்போது நகர்ந்தால், எழுதியது உண்மை என்றாகிவிடும். மூன்று தலைமுறைப் பெயர்.

பேத்தியின் கை அவர் கைக்குள் வியர்த்திருந்தது. வியர்த்தது தன் கைதான் என்று சற்றுப் பொறுத்தே தெரிந்தது.

"அம்மிணி, நீ அப்பன்கிட்டப் போயி உக்காந்துக்க."

"படம் எடுக்கலீங்களா அப்பாரு?"

"போ கண்ணு. ஓடு."

ஓடு என்று சொல்லியிருக்கக் கூடாது.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். குழந்தை வாசலைத் தாண்டும்வரை மாராத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள்.

வெகு நேரம் பார்த்தாள்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குழந்தை போன வழியே நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும்.

படம் எடுப்பவர் கேமராவை இறக்கினார். இங்கும் அங்கும் பார்த்துவிட்டு அவரும் போனார்.

"வாங்க ஐயா," என்றான் நாச்சிமுத்து, வாசலுக்கு வெளியிலிருந்து.

அவர் படத்துக்கு நிற்பதுபோலவே நின்றார்.