இறங்காத ஐந்து ஊர்கள்

“அஞ்சு ஊர்ல நிக்கற பயணத்தையே போட்டுடுங்க தம்பி. ஆனா, நாங்க ஒரு ஊர்லயும் எறங்க மாட்டோம்.”

ஏஜென்ட்டின் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. கப்பல் பயணம் ஏற்பாடு செய்து கொடுத்தே தலை நரைத்தவர் அவர். காலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே, வந்தவர் மலைக்கா கடலுக்கா என்று சொல்லிவிடுவதாகப் பீற்றிக்கொள்வார். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை.

“எறங்கவே மாட்டீங்களா?”

“மாட்டோம்” என்றார் அந்த அம்மாவின் கணவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து உட்கார்ந்ததுமே, “எங்க ஆயுசுக்கும் இந்த ஒரு தடவைதான் கப்பல். அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது, பாத்துப் போடுங்க” என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சுதான் ஏஜென்ட்டின் தலையில் பாரமாக உட்கார்ந்திருந்தது. வேறு யாராவது என்றால் கேட்டதைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

“இங்க பாருங்கம்மா. இந்தப் பயணத்துல கப்பல் எங்கயும் நிக்காது. கடல்லயே மிதந்துட்டு இருப்பீங்க. பாட்டு, டான்ஸ், சினிமா எல்லாம் உண்டு. விலையும் கம்மி. அந்தப் பயணம் அஞ்சு ஊருக்குப் போகும். விலை ஜாஸ்தி. எதுக்கு ஜாஸ்தி? அந்த ஊருங்களுக்காக. ஊரைப் பாக்காதவங்க எதுக்கு வீணா குடுக்கணும்?”

“ரெண்டும் ஒரே கப்பல்தானே?” அந்த அம்மா இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதே கப்பல்தாம்மா. போற வழிதான் வேற.”

“அப்ப அஞ்சு ஊரே இருக்கட்டும்.”

முழங்கால் வலியாக இருக்குமோ என்று நினைத்தார் ஏஜென்ட். ஆனால் லிஃப்ட் ரிப்பேர். மூன்று மாடியும் படியேறி வந்தவர்கள், மூச்சுக்கூட வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே டீக்குப் போய்விட்டு அவர்கள் பின்னாலேயே ஏறி வந்த ஏஜென்ட்டுக்குத்தான் இன்னும் இளைத்தது.

“புது ஊருன்னு பயப்படறீங்களா ஐயா? கூடவே ஆள் வந்து சுத்திக் காட்டுவாங்க.”

“எனக்கென்ன பயம்? காலம் பூரா ‘எறங்குங்க, எறங்குங்க’ன்னு கத்தினவன் நான். எல்லாரையும் எறக்கி விட்டுட்டு, காலி வண்டியில கால நீட்டி உக்கார்ற சொகம் உங்களுக்குத் தெரியாது தம்பி.”

ஏஜென்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. காலி வண்டியில் கால் நீட்டி உட்காருவதற்காகவா கப்பல் ஏறுவார்கள்?

அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அந்த மூணாவது ஊரு எப்படி?”

ஏஜென்ட்டுக்கு உயிர் வந்தது. மனசு மாறுகிறது போல. “அதை விட்டுடாதீங்கம்மா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில ஓடற மீன் தெரியும். பழைய கோட்டை ஒண்ணு இருக்கு. காலையில எறங்கினா சாயங்காலம் வரைக்கும் நேரம் போறதே தெரியாது.”

“அப்ப எல்லாரும் எறங்கிடுவாங்க?”

“கப்பலே காலி ஆயிடும்.”

“மத்தியானச் சாப்பாடு?”

“வெளியிலயே முடிச்சுக்குவாங்க.”

“நல்லது” என்று அந்த அம்மா திருப்தியாகத் தலையாட்டினார். “நாலாவது ஊரு?”

“அது சுமார்தான். கடைத்தெருவைத் தவிர ஒண்ணுமில்ல. பாதிப் பேர் சாப்பாட்டுக்கே திரும்பி வந்துடுவாங்க.”

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. “அதுக்குப் பதிலா வேற நல்ல ஊருக்குப் போகச் சொல்ல முடியாதா?”

இறங்காத ஊர் எப்படி இருந்தால் இவருக்கு என்ன? ஏஜென்ட் பேனாவால் நெற்றியைச் சொறிந்துகொண்டார். கணவர் தன் பங்குக்கு ஒரு கேள்வி வைத்திருந்தார்.

“வீட்ல செஞ்ச பலகாரம் எடுத்துட்டுப் போலாமா?”

“ஐயா, கப்பல்ல நாள் பூரா சாப்பாடு போட்டுட்டே இருப்பாங்க. நீங்க போதும்னாலும் விட மாட்டாங்க.”

“இருக்கட்டுமே. வீட்டுக் கைப்பக்குவம் வருமா?”

ஏஜென்ட் பேனாவைக் கீழே வைத்தார். கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. யாரோ எதையோ சொல்லி இவர்களைக் குழப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

“அம்மா, நானும் எப்படியெல்லாமோ யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்குத் தலை சுத்துது. ஒரே ஒரு தடவைதான் போவோம்ங்கறீங்க. தப்பான டிக்கெட்டைப் போட்டுக் குடுத்துட்டா என் மனசு கேக்காது. எறங்காதவங்களுக்கு அஞ்சு ஊரு எதுக்கும்மா?”

“காரணமெல்லாம் எதுக்கு? போடுங்க தம்பி” என்றார் கணவர் அவசரமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்த அம்மா அவர் கைமேல் கை வைத்தார்.

“சொன்னா என்னங்க? அவன் என்ன திருட்டா பண்றான்?” என்றவர் ஏஜென்ட் பக்கம் திரும்பினார். “அந்தக் கப்பல் சமையல்கட்டுல பாத்திரம் கழுவறது எங்க பையன் தம்பி, அவன் மொகத்தைப் பாத்து மூணு வருஷமாச்சு. ஊர் வந்து எல்லாரும் எறங்கிப் போனாத்தான் அவனுக்குக் கை ஒழியுமாம்.”